செருப்புக்கு ஒரு தகடு, துவக்குக்கு ஒரு தகடு

செருப்புப் பார்க்கிற வேலையில் ஆளின் முகத்தைப் பார்க்கக்கூடாது, காலைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு முதன்முதல் சொன்னவ மங்கையக்கா. நாலு வருசத்துக்கு முந்தி, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் இந்த மேசைக்கு நான் வந்த முதல் வெள்ளிக்கிழமை காலை. முழங்கால் வருத்தம் என்று அவ வேலையை விட்டு நின்றுவிட, கதிரை எனக்கு வந்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மகனுக்கு நுகேகொடையில் வேலை, மகள் களனியில் குடும்பமாக இருக்கிறாள். "இந்த வயசில செருப்புத் தூக்கப் போறீங்களா அம்மா?" என்று இரண்டு பேருக்கும் வெட்கம். அடியாரின் கால்தூசு படுவது புண்ணியம் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையும் அதுதான். ஆனால் அந்த மேசைக்குச் செருப்பு மட்டும்தான் வரும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் பிழை விட்டேன்.

கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்துவிட்டுச் சுடுகிற தாரில் காலி வீதி என்ற பெருந்தெருவைக் கடந்த என் சகோதர சகோதரிகளே, வேறு ஆளின் செருப்பில் வீடுவரை போய்ச் சேர்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுடைய கவலை சின்னக் கவலை.

மூன்றாவது தோப்புக்கரணம்

எங்கள் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிற பொலிஸ் எஸ்.ஐ. ஒருவர் இருக்கிறார். சிங்கள ஆள். எந்த ஸ்டேஷன், என்ன பெயர் என்பது வேண்டாம். பதவி உயர்வுக்கு நேர்த்தி வைத்துக் கிடைத்ததாம். அன்றிலிருந்து பிள்ளையார் என்றால் உயிர். டியூட்டி இல்லாத நாளில் சாதாரண உடுப்பில் வருவார், செருப்பைக் கழற்றித் தந்து "அம்மா, கவனம்" என்று சிரிப்பார். எங்கட ஆக்களைவிடப் பக்தி என்று நான் வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும்தானே. அவர் கழற்றின சேட்டை எப்போதும் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார். சேட் கசங்காமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். அன்றைக்கு மத்தியானப் பூசை நேரம், என் மேசைக்கு நேரே தெரிகிற பிள்ளையாருக்கு முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்றாவதுக்குக் குந்தினபோது 'டக்' என்று கருங்கல்லில் ஒரு பிஸ்டல் விழுந்து, கொஞ்சம் சறுக்கி, ஐயரின் காலடியில் போய் நின்றது. எங்கள் வயதுக்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் நிலத்தில் படுத்தோம், யுத்தத்தில் பழகின உடம்பு. இளசுகள் போனை எடுத்தார்கள். தீபத்தட்டோடு நின்ற ஐயருக்குக் குனியவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. எஸ்.ஐ. பிஸ்டலை எடுத்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், இடுப்பில் செருகினார், திரும்பக் காதைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே சொன்னார்: "லொக் போட்டு இருக்கு சாமி. பயம் இல்லை. நீங்க பூசை செய்ங்க."

தோல் ஆகாது

அடுத்த கிழமை இன்னொருவர். அவரும் அதே உத்தியோகம்தான், நல்ல உயரம், நல்ல தமிழ். எங்கள் கோயிலுக்குள் தோல் சாமான் கொண்டுபோகக்கூடாது என்று வாசலில் போர்டு இருக்கிறது. பெல்ட், பேர்ஸ் எல்லாம் வெளியில். செக்கியூரிட்டி செல்வம் தம்பி அதைக் காட்டிச் சொன்னான், பயந்து பயந்துதான். செல்வத்தின் கையில் இருப்பது ஒரு பிரம்பு; எதிரில் நிற்கிறவர் யார் என்று அவனுக்கும் தெரியும்.

அந்த ஆள் போர்டை இரண்டு தரம் வாசித்தார். சட்டத்தை மதிக்கிற மனிசன். பெல்ட்டைக் கழற்றினார், பிஸ்டல் வைக்கிற தோல் உறையையும் கழற்றினார், இரண்டையும் என் மேசையில் வைத்து இலக்கத் தகடு வாங்கினார். பிஸ்டலை மட்டும் வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு உள்ளே நடந்தார். "ஐயா, அது...?" என்று நான் வாயைத் திறந்தேன். திரும்பிப் பார்த்துப் பொறுமையாக விளக்கினார்: "தோல்தானே அன்ரி கூடாது? இது இரும்பு."

கூட்டத்தில் எடுத்த முடிவு

பரிபாலன சபை கூடியது. சபை கூடினால் வடை இருக்கும் என்று தெரியும், ஞானமும் இருக்கும் என்று நம்பியிருந்தேன். 'துவக்கோடு வராதீர்கள்' என்று ஒரு துண்டுக் கடதாசியில் மூன்று மொழியில் எழுதி ஒட்டினால் முடிந்த கதை. ஆனால் அதை யார் எழுதுவது, யாருடைய பெயரில் ஒட்டுவது? தேர் இழுக்கிற நாளில் வீதியை மறிக்கப் பொலிஸ்காரர்தானே வரவேண்டும். அவர்களுக்கு முகம் கோணக்கூடாது. கடைசியில் செயலாளர் ஐயா முடிவைக் கொண்டுவந்து எனக்குச் சொன்னார்: இனிமேல் பிஸ்டலையும் செருப்பு மேசையில் வாங்கி வைக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தால் சனம் பயப்படுமாம். ஆகையால் அர்ச்சனை செய்த தேங்காய், பழம், அதாவது காளாஞ்சி, போட்டுக் கொடுக்கிற மஞ்சள் துணிப்பையில் போட்டு, கீழ்த்தட்டில் திரைக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

"ஐயா, செருப்புத் தொலைஞ்சால் வேற செருப்பு வாங்கிக் குடுக்கலாம். இது தொலைஞ்சால்?" என்று கேட்டேன். அவர் என் தலையில் கை வைக்காத குறையாகச் சிரித்தார். உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், நாலு வருசத்தில் நான் மூன்று தரம் செருப்பை மாறிக் கொடுத்திருக்கிறேன். மூன்று தரமும் வாங்கினவருக்குத் தன்னுடையதைவிட நல்ல சோடி கிடைத்தபடியால் ஒருவரும் முறையிடவில்லை. செயலாளர் ஐயாவுக்கு அது தெரியாது. அவர் சொன்னது: "தங்கச்சி, இந்தக் கோயிலில ஒரு சாமானும் மாறாத ஒரே இடம் உங்கட மேசைதான்."

பாரம்

நான் அதைத் தொடுவதில்லை என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டேன். அவர்களே பைக்குள் போட வேண்டும், அவர்களே கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். உள்ளே தள்ளுவதற்கு மட்டும் செருப்பு இழுக்கிற கம்பி. தள்ளும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேவாரம். பார்க்கிறவர்கள் நான் செருப்புக்குப் பூசை செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அறநெறி வகுப்பு முடிந்த பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடுவது எங்கே? அந்தத் திரைக்குப் பின்னால்தான். ஒருநாள் ஆறு வயதுப் பெட்டைப்பிள்ளையொன்றை அங்கேயிருந்து இழுத்தெடுத்து, பிள்ளைகள் எல்லோரும் வீடு போகும்வரை திரைக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். அடுத்த வெள்ளி எங்கள் எஸ்.ஐ.யிடம் மெதுவாகக் கேட்டேன். "சார், டியூட்டி முடிஞ்சுதானே வாறீங்கள். இதை ஸ்டேஷனில வச்சிட்டு வந்தால் என்ன?" இப்போது டியூட்டி இல்லாத நேரத்திலும் வைத்திருக்க விடுகிறார்கள் என்றார். "டியூட்டியில நாலு பேர் பக்கத்தில இருக்காங்க அம்மா. வீட்டுக்குப் போற நேரந்தான் எனக்குப் பயம். பாதாள உலகக்காரன் எந்த பைக்கில வாறான், தெரியாது." கொட்டாஞ்சேனைப் பக்கம் துவக்கு வெடி விழுகிற கதையெல்லாம் நானும் கேட்கிறவள்தான். மனம் இளகிவிட்டது. அன்று முதல் அவருடைய பேரையும் என் மன்றாட்டில் சேர்த்தேன். ஆனாலும் அவருடைய பயம், பாருங்கள், என்னுடைய நாற்பது சோடிச் செருப்புக்கு நடுவில் பிள்ளைகளின் கைக்கு எட்டக் கிடக்கிறது. "அப்ப குண்டையாவது கழட்டிப்போட்டுத் தாங்கோ சார்" என்றேன். அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குண்டு இல்லாட்டி எதுக்கு அம்மா? சும்மா பாரந்தானே."

கிருலப்பனைக்குப் போன காளாஞ்சி

நடராசா ஐயா தபால் கந்தோரில் இருந்து ஓய்வெடுத்தவர். கிருலப்பனையில் மகளோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்து, காளாஞ்சிப் பையை என் மேசையில் தந்துவிட்டு, அன்னதானம் சாப்பிட்டு, பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார். வாய் திறந்து அதிகம் கதையாத மனிசன். அன்றைக்கு அவர் தகட்டை நீட்டினபோது, பிஸ்டல் பை இருக்கிற தட்டென்றபடியால், வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு கம்பியை உள்ளே விட்டு மஞ்சள் பையை இழுத்தேன். தேவாரம் பாதியில். தூக்கிக் கொடுத்தேன். அரைத் தேங்காயும் இரண்டு வாழைப்பழமும் ஒரு பிஸ்டலும் கிட்டத்தட்ட ஒரே பாரம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கால் மணித்தியாலத்தில் எஸ்.ஐ. வந்தார். பையைத் திறந்தார். அரைத் தேங்காய், பழம், வெற்றிலை, திருநீறு. கையை விட்டுத் துழாவினார். சேட்டும் போடாமல், வெற்றிலையைப் பிடித்துக்கொண்டு, "மகே பிஸ்தோலய கோ?" என்று கத்தினார். பிறகு எனக்காகத் தமிழில்: "என்ட பிஸ்டல் எங்க?" பழக்கத்தில் கை இடுப்புக்குப் போனது, இடுப்பு வெறுமை. அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் கொழும்பில் சீவிக்கிற எங்கள் எல்லாருக்கும் பாடம். "யார் எடுத்தது? பேர் என்ன? சொந்த ஊர் எது?"

சொந்த ஊர் எது. வடக்கு என்று பதில் போனால், பை மாறின கதை வேறு கதையாகிவிடும். அவர் போனை எடுத்து ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜீப் கிருலப்பனைக்குப் போகும். வீட்டுக்குள் ஒரு தமிழ்க் கிழவர், கையில் பொலிஸ் பிஸ்டல். காளாஞ்சி என்று நினைத்தேன் என்று அவர் சொன்னால் எந்த நீதவான் நம்புவார்? செயலாளர் ஐயா சால்வையால் வேர்வையைத் துடைத்துத் துடைத்து, "நான் அப்பவே யோசிச்சனான்" என்று சொல்லிக்கொண்டு நின்றார். நான் எஸ்.ஐ.யின் காலில் விழாத குறை. "சார், பிழை என்னுடையது. போன் எடுக்கவேண்டாம். அரை மணித்தியாலம் தாங்கோ." பிஸ்டலைத் தொலைத்தேன் என்று சொன்னால் அவருடைய கதையும் சிக்கல்தான். போனைப் பொக்கற்றில் வைத்தார்.

நடராசா ஐயாவிடம் போன் கிடையாது. மகளுக்கு எடுத்தேன். "அப்பா இன்னும் வரேல்லை அன்ரி, பஸ்ஸில இருப்பார்" என்றாள். குண்டு போட்ட பிஸ்டலை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், ஜன்னலோரம். "பிள்ளை, அப்பா கொண்டுவாற பையை ஒருத்தரும் திறக்க வேண்டாம். வாங்கி மேலே வை. ஏன் எண்டு கேக்காதை" என்றேன். அந்த வீட்டில் காளாஞ்சிப் பையைப் பேரன் பறித்துத் திறந்து பழம் எடுப்பதுதான் வழக்கம் என்று பிறகுதான் சொன்னாள். அவனுக்கு ஐந்து வயது. வாசலில் ஓடிப்போய்ப் பையைப் பிடித்தும் விட்டானாம். அவள் பாய்ந்து பறித்ததில் பிள்ளை விழுந்து அழ, "ஒரு வாழைப்பழத்துக்கு இப்பிடியா?" என்று பிள்ளையின் தகப்பன் ஏச, அவள் பையைச் சாமித்தட்டில் வைத்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டாள்.

எஸ்.ஐ.யும் நானும் ஓட்டோவில் போனோம். துவக்கு இல்லாத எஸ்.ஐ.யை அன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் என் பக்கமாக ஒதுங்குகிறார். "அம்மா, அந்தப் பாட்டைச் சத்தமாப் பாடுங்க" என்றார். தேவாரத்தைப் பாடினேன். வேறு என்ன செய்வது?

வீட்டு வாசலில் நடராசா ஐயா நின்றார். அதற்குள் மகள் சொல்லியிருக்கிறாள். முகம் கழுவி, வெள்ளைச் சேட் போட்டு, வலது கையில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எஸ்.ஐ. உள்ளே போனார், விளக்குக்கும் பூவுக்கும் நடுவில் இருந்த பையை எடுத்தார், பார்த்தார், பெருமூச்சு விட்டார், பிஸ்டலை இடுப்பில் செருகினார். செருகினவுடன் திரும்ப எஸ்.ஐ. ஆகிவிட்டார். அரைத் தேங்காய்ப் பையை மேசையில் வைத்து, கொஞ்சம் குரலைத் தணித்து, "ஐயா, இதை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். எனக்குத்தான் பிரச்சினை வரும்" என்றார். நாற்பது வருசம் கந்தோரில் ஒருவரையும் எதிர்த்துக் கதையாத மனிசன், அட்டையை இன்னும் நீட்டிக்கொண்டே கேட்டார்: "தம்பிக்குப் பிரச்சினை வந்தால் இடமாற்றம். எனக்கு வந்தால்?"

புதுப் பெட்டி

திரும்பவும் சபை, திரும்பவும் வடை. இந்தமுறை நான் கதவடியில் நின்று சொன்னேன்: "துவக்கு இருக்கிற மேசையில நான் இருக்கமாட்டன்." செயலாளர் ஐயாவுக்கு என்னை விடவும் மனமில்லை, எஸ்.ஐ.யைப் பகைக்கவும் மனமில்லை. ஒரு பக்தர் ஒரு இரும்புப் பெட்டியை உபயம் செய்தார். உபயகாரரின் பெயரை முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்கள். உள்ளே என்ன வைப்பது என்பதை எழுதவில்லை.

பூட்டுத் திறப்பை என்னிடம் நீட்டினார்கள். வாங்கவில்லை. அது செல்வம் தம்பியின் பொறுப்பாயிற்று. பிரம்போடு நின்றவன், இப்போது அரைஞாணில் திறப்போடு நிற்கிறான். வந்தவர்கள் பெட்டியைக் கண்டு கும்பிட்டுச் சில்லறை போட இடம் தேடுகிறார்கள். செல்வம் என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னான்: "அன்ரி, உண்டியலுக்குப் பூட்டு ஒண்டு, இதுக்கு ரெண்டு. உண்டியல் கள்ளனை விட ஆரை நாங்கள் நம்பேல்லை எண்டு விளங்குதா?"

வராத வெள்ளிக்கிழமை

எஸ்.ஐ. ஒரு கிழமையும் தவறவில்லை. செருப்பைத் தந்து "அம்மா, கவனம்" என்று அதே சிரிப்பு. என்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்டார், நல்ல மனிசன்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்வது சுகமாக இருந்திருக்கும்.

நடராசா ஐயாதான் வருவதில்லை. ஆறு வெள்ளி ஆகிறது. நானே ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தேன். கடைக்குப் போனாலும் பையைத் திறந்து திறந்து பார்க்கிறாராம். வீட்டில் மஞ்சள் துணிப்பை எல்லாவற்றையும் மகள் வெட்டிக் கால் துடைக்கப் போட்டிருக்கிறாள். "மன்னியுங்கோ ஐயா, என்ர கண்ணை மூடின பிழை" என்றேன். தேத்தண்ணி தந்தார், பேரனை மடியில் வைத்துக்கொண்டார், கோயிலில் கூட்டமோ என்று விசாரித்தார். பிள்ளையார் கோபிப்பாரே, ஒருதரம் வந்துவிட்டுப் போங்கோ என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளையாரிட்டை வரலாம் பிள்ளை. அவரிட்டை ஆர் ஆர் என்னத்தோட வருகினம் எண்டுதான் தெரியேல்லை."

ஆக, கொழும்பில் பாதுகாப்பு என்பது, பிஸ்டலைத் தொலைத்தவர் கிழமைக்கொருதரம் கும்பிட்டுவிட்டுப் போவதும் தேங்காய் கொண்டுபோனவர் வீட்டுக்குள் இருப்பதும்தான் என்று இந்த மேசையில் இருந்து நான் படித்துக்கொண்டேன்.

கிருலப்பனைப் பக்கத்தில் இருந்து வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், வருகிற வழியில் நடராசா ஐயாவின் கதவைத் தட்டி, அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.